தொந்தரவு கொடாத செடி



காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை முதலிய ஊர்களில் செடி விற்கும் இடத்தில் சற்று நேரம் நின்று கவனித்தால், வாங்க வருகிறவர்களில் பலர் ஒரே வார்த்தையைச் சொல்வதைக் கேட்கலாம்: “தொந்தரவு இல்லாத செடியாகப் பார்த்துக் கொடுங்கள்.” அது தினமும் தண்ணீர் கேட்கக் கூடாது, நாம் ஒரு வாரம் ஊருக்குப் போனால் வாடக் கூடாது, வீட்டுக்குள் நிழலிலேயே இருக்க வேண்டும். கடைக்காரரும் தயங்காமல் பாம்புச் செடியையோ, மணி பிளாண்டையோ, சோற்றுக் கற்றாழையையோ எடுத்து முன்னே வைப்பார்.

இப்படிக் கேட்பதில் குற்றமொன்றுமில்லை. ஆனால் இந்தச் சிறு வார்த்தைக்குள் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது. சிறிதே கேட்கும் ஒன்றுக்கு நாம் சிறிதே கடன்பட்டிருக்கிறோமா? வாய் திறந்து கேளாததற்கு ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லையா? இக்கேள்வி செடியோடு நின்றுவிடுவதன்று. எனினும், செடியை வைத்தே முதலில் ஆராய்வோம்.

செடிக்கு நாம் கடமைப்பட்டவர்களா?

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. கீரையைப் பறித்துக் குழம்பு வைக்கிறோம். குலை தள்ளிய வாழையை வெட்டிப் பந்தற்காலில் கட்டுகிறோம். இதற்காக எவரும் பாவசங்கீர்த்தனம் செய்வதில்லை, செய்யவும் வேண்டியதில்லை. கொலையை விலக்கும் கட்டளை செடிகொடிகளைக் குறிப்பதன்று, அவற்றுக்கு உணர்வில்லையே என்று அர்ச். அகுஸ்தீன் ‘தேவ நகரம்’ என்னும் நூலின் முதற் பாகத்தில் எழுதினார். 13ஆம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ், அரிஸ்டாட்டில் என்ற கிரேக்க ஞானியைப் பின்பற்றி, செடிக்கும் ஒருவகை ஆத்துமம் உண்டென்றும், அது உண்ணவும் வளரவும் இனம் பெருக்கவும் மட்டும் வல்லதென்றும் போதித்தார். ஆயினும் உணவுக்காகச் செடியை அழிப்பது பாவமல்ல என்றே தீர்த்தார். நம் தொல்காப்பியமோ மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் ஆறு படிகளாக வகுத்து, புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்கள் என்று முதற்படியில் வைத்தது. தொட்டால் அறியும் அறிவு ஒன்றே அவற்றுக்கு உண்டு என்பது அதன் கருத்து.

இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று மீந்து நிற்கிறது. நம் மாவட்டத்துப் பிரான்மலைச் சரிவில் தானே முளைத்த ஒரு செடியை எண்ணிப் பாருங்கள். அதற்கு வேரோட நிலமுண்டு, மழையுண்டு, வெயிலுண்டு. அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும். நாம் வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. அதே செடியைப் பெயர்த்து, ஒரு சாண் அகலத் தொட்டியில் அடைத்து, கூரைக்குக் கீழே வைத்துவிட்டால் என்ன ஆகிறது? மழை அதை எட்டாது. நீரைத் தேடி வேர் ஓட வழியில்லை. இனி அதற்கு மேகமும் கண்மாயும் நாம்தான். ஒரு ஜீவனை அதன் சொந்த வழிகளிலிருந்து பிரித்துத் தன் கையை நம்பியிருக்கச் செய்தவன் அதற்கு உத்தரவாதியாகிறான். செடி பெரியதா, விலை உயர்ந்ததா, உணர்வுள்ளதா என்பது இதற்குப் பிறகு வரும் பேச்சு. அதைத் தொட்டியில் வைத்தது நாம். கடமை அங்கே பிறந்துவிட்டது.

பிரான்மலை என்றதும் பாரியின் நினைவு வராமல் இராது. சங்க நூல்கள் பறம்பு என்று சொல்லும் அவன் மலை இதுவே என்பர். படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்கு அவன் தன் தேரையே கொடுத்த செய்தியைப் புறநானூறும் சிறுபாணாற்றுப்படையும் சொல்கின்றன. ‘ஒரு மூங்கிற் கழி போதாதா, தேர் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. கொடிக்கு வேண்டியது கொம்பு. தேரானால் என்ன, கழியானால் என்ன? ஆனால் தேருக்கு முன்னே நடந்த ஒரு காரியத்தை நாம் மறந்துவிடுகிறோம். தேரில் விரைந்து போகிற ஓர் அரசன், காட்டோரத்துக் கொடி ஒன்று பற்றுக்கோடின்றி நிற்பதைக் கண்டான். அது அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட அதற்கு வாயுமில்லை. கேளாத ஒன்றின் குறை அவன் கண்ணில் பட்டது. அந்தக் கண் இல்லாவிட்டால் கொடையும் இல்லை.

எளிய செடியைத் தேர்வது சோம்பலா?

‘அப்படியானால் அதிகம் கவனிப்பு வேண்டும் செடியை வளர்ப்பதே தர்மம், எளிய செடியைத் தேடுவது சோம்பேறித்தனம்’ என்று எவரேனும் வாதிக்கலாம். அது சரியல்ல. சிவகங்கைச் சீமை வானம் பார்த்த பூமி. கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் பத்து ரோஜாத் தொட்டிகளை வாங்கி வைத்து, இரண்டாம் வாரமே காயவிடுகிறவனைவிட, தன் நேரத்தையும் கிணற்று நீரையும் கணக்கிட்டு ஒரே ஒரு கற்றாழை வைப்பவன் மேலானவன். தன்னால் காக்கக்கூடிய வாக்கை மட்டும் கொடுப்பது விவேகம்.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் முகப்பையும் வளவையும் கட்டுகளையும் கடந்து போனால், பின்புறத்தில் கிணறும் தோட்டமும் இருக்கும். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் பாயும். அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போகும். செடியைப் பற்றித் தனியே கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. வீட்டு வேலையே செடியையும் வளர்த்துவிட்டது. இன்று அதே குடும்பத்துப் பிள்ளைகள் நகரத்து அடுக்குமாடியில் இரண்டு அறைகளில் வாழ்கிறார்கள். அவர்களுக்குத் தோட்டமில்லை, ஜன்னலோரம்தான் உண்டு. அங்கே எளிய செடி வைப்பதில் குறையில்லை.

ஆனால் சிறிதே வாக்குக் கொடுத்தவன் அந்தச் சிறிதையாவது காக்க வேண்டும் அன்றோ! தினசரிக் கடமையைப் பழக்கம் சுமந்துகொண்டு போகும். காலையில் எழுந்ததும் கை தானாகவே செம்பை எடுக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டிய கடமைக்கு அந்த உதவி இல்லை. அதை நினைவுதான் சுமக்க வேண்டும். ஆகவே எளிய கடமையே எளிதில் மறந்துபோகிறது.

மனிதன் கையே வேண்டாத செடி எது என்று கேட்டால், நம் பக்கத்தில் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேல் கண்மாய்களிலும் தரிசுகளிலும் மண்டிக் கிடக்கிறது. அதற்குத் தண்ணீர் விட்டவரும் இல்லை, உரமிட்டவரும் இல்லை. ஆயினும் அதை வீட்டுச் செடி என்று ஒருவரும் சொல்வதில்லை. ஒருவருடைய கரிசனையில் வளர்வதே வீட்டுச் செடி.

பொறுமையும் சுகமும்

இந்த எளிய செடிகளின் வாழ்க்கை முறையை அறிந்தால் வியப்பு உண்டாகும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை உட்கொள்ளும். அப்போது அவற்றின் நீரும் ஆவியாய்ப் போய்விடும். கற்றாழை, கள்ளி, பாம்புச் செடி ஆகியவையோ வெயிலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறக்கின்றன. இரவில் வாங்கிய வாயுவை ஒருவகைப் புளிப்பமிலமாகச் சேமித்து வைத்து, பகல் வெளிச்சத்தில் அதைக் கொண்டு உணவு செய்கின்றன. பாம்புச் செடி மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அதற்கு நம் நாட்டிலேயே உறவு உண்டு. மருள் என்றும், பழைய நூல்களில் மரல் என்றும் பெயர் பெற்ற செடி அதுதான். அதன் நாரைத் திரித்து வில்லுக்கு நாண் கட்டினார்கள். வறண்ட மண்ணில் பிறந்து, சிக்கனமாய் வாழக் கற்றுக்கொண்ட குலம் அது.

இந்தச் சிக்கனத்தைத்தான் நாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம். வாசலில் வேரோடு தலைகீழாகக் கட்டித் தொங்கவிடப்பட்ட கற்றாழையைப் பார்த்திருப்பீர்கள். மண்ணுமில்லை, நீருமில்லை; ஆனாலும் மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். ‘பார், ஒன்றுமே இல்லாமல் எப்படி வளர்கிறது!’ என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது வளரவில்லை. தன் சதையில் சேர்த்து வைத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. அவ்விதமே, நிழலைத் தாங்கும் செடி என்று சொல்லி இருட்டு மூலையில் வைக்கப்பட்ட பாம்புச் செடியும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். புது இலை விடாது, நிறம் மங்கும், ஆனால் சாகாது. தாங்குவது வேறு, விரும்புவது வேறு. ஒன்று முறையிடவில்லை என்பதனால் அது சுகமாயிருக்கிறது என்று முடிவு செய்வது நம் வசதிக்காக நாமே செய்துகொள்ளும் தீர்ப்பு.

இரண்டு விதமான அசட்டை

எளிய செடிகள் பெரும்பாலும் எதனால் சாகின்றன தெரியுமா? தண்ணீர் இல்லாமல் அல்ல, தண்ணீர் மிகுந்து! மண் துகள்களுக்கு இடையே காற்று இருக்கிறது. வேர் அந்தக் காற்றைச் சுவாசிக்கிறது. நாள்தோறும் நீரை ஊற்றினால் காற்றிருந்த இடமெல்லாம் நீராகிவிடும். வேர் மூச்சடைத்து அழுகும். அழுகிய வேரால் நீரை மேலே ஏற்ற முடியாது. ஆகவே நீரில் நின்றுகொண்டே செடி வாடுகிறது. இங்கேதான் பெரிய மோசம் நேருகிறது. தாகத்தால் வாடிய இலையும், வெள்ளத்தால் வாடிய இலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வீட்டுக்காரர் இலையைப் பார்த்து, ‘ஐயோ, காய்கிறதே!’ என்று மனமுருகி இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறார். அந்தச் செம்பே அதற்கு முடிவாகிறது.

ஒரு வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம். புதிதாய் வந்த பேரன் மனைவி, வாடிய செடிக்குத் தண்ணீர் கொண்டு வருகிறாள்.

“ஏத்தா, அதுக்கு எதுக்குத் தண்ணி?”

“வாடிப் போச்சே அப்பத்தா, பாவமா இருக்கு.”

“பாவந்தான். மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பார்த்தியா?”

அப்பத்தாவின் இந்த ஒரு கேள்வியில் செடி வளர்க்கும் சாஸ்திரம் முழுவதும் இருக்கிறது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். உலர்ந்திருந்தால் தொட்டியின் அடித்துளை வழியே வடியும்வரை நன்றாய் ஊற்றலாம். ஈரமாயிருந்தால் கையைக் கழுவிக்கொண்டு போய்விட வேண்டும். ஊற்றாமல் போவதும் அன்று ஒரு கரிசனையே.

பல நாள் எட்டிப் பாராமல் இருப்பவனை அசட்டைக்காரன் என்று எல்லாரும் அறிவார்கள். தினமும் ஊற்றுகிறவனை அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆயினும் அவனும் செடியைப் பார்க்கவில்லை. தன் மன அமைதியைப் பார்த்தான். ‘செய்துவிட்டேன்’ என்ற நிம்மதிக்காக ஊற்றினான். ஒருவன் மறந்தான், ஒருவன் வெள்ளமாய்க் கொடுத்தான். மண்ணில் விரல் வைத்தவர் இருவரில் ஒருவரும் இல்லை.

எதற்காக வளர்க்கிறோம்?

நாம் செடியைப் பாராமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதனிடமிருந்து வரும் இலாபத்தின்மேல் கண் வைத்துவிடுகிறோம். மணி பிளாண்ட் பசிபிக் கடலிலுள்ள மூரெயா என்னும் தீவைச் சேர்ந்த ஒரு கொடி. அதற்கும் பணத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அதைக் கேட்டு வாங்கக் கூடாது, திருடி நட்டால்தான் செல்வம் பெருகும் என்று கூடச் சிலர் நம்புகிறார்கள். அயலான் வீட்டுக் கொடியை அறியாமல் கிள்ளி வருவதில் தொடங்கும் செல்வம் எப்படிப்பட்டதாயிருக்கும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

படித்தவர்களுக்கும் இதுபோன்ற நம்பிக்கை ஒன்று உண்டு. வீட்டுச் செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்பது அது. 1989இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா மூடிய சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து நடத்திய சோதனையிலிருந்து இது பரவியது. 2019இல் இத்தகைய சோதனைகளையெல்லாம் சேர்த்து ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்கள், ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வைத்தால்தான் ஜன்னல் வழியே வரும் காற்றுக்கு அவை ஈடாகும் என்று கணக்கிட்டார்கள். பாம்புச் செடி இரவில் பிராணவாயு கொடுக்கும் என்பதும் சரியன்று. பிராணவாயு வெளிச்சத்தில்தான் உண்டாகிறது. ஆகவே பணமும் வராது, காற்றும் சுத்தமாகாது. அப்போதும் அந்தச் செடிக்குத் தண்ணீர் விடுவோமா? விடுவோம் என்றால் மட்டுமே அதை நாம் செடியாக நேசிக்கிறோம் என்று பொருள்.

வேதாகமத்தில் யோனாஸ் தீர்க்கதரிசியின் சரித்திரம் இதற்குப் பொருத்தமானது. நினிவே நகருக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்த அவருக்குச் சர்வேசுரன் ஒரு செடியை வளரச் செய்து நிழல் கொடுத்தார். நம்மவர் அதை ஆமணக்கு என்பார்கள். யோனாஸ் மிகவும் மகிழ்ந்தார். மறுநாள் புழு அரித்துச் செடி பட்டுப்போகவே, சாக வேண்டும் என்று சொல்லுமளவுக்குக் கோபங்கொண்டார். அவர் அந்தச் செடியை நட்டவரும் அல்லர், அதற்காகப் பாடுபட்டவரும் அல்லர். ஒரு செடிக்காக இரங்குகிற நீ, ஒரு லட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட மனிதர் வாழும் நகருக்காக நான் இரங்கலாகாதா என்ற கருத்தில் அவரிடம் கேள்வி எழுந்தது. செடியின்மேல் இரங்கியது குற்றமென்று அங்கே சொல்லப்படவில்லை. அந்த இரக்கம் செடியோடு நின்றுபோனதே குற்றம்.

மனிதர்கள் பக்கம் திரும்புவோம்

நம் இரக்கமும் தொட்டியோடு நின்றுவிடலாகாது. செட்டிநாட்டுத் தெருக்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை! திறந்திருக்கும் பல வீடுகளிலும் ஒன்றிரண்டு முதியவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் பெருமையோடு சொல்வார்கள்: “எங்கள் அம்மாவைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. எதுவுமே கேட்க மாட்டார்கள்.” மேலே சொன்ன செடிக்கடைப் பேச்சுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. அந்தத் தாய் தன்னுள்ளே சேர்த்து வைத்திருப்பதைக் கொண்டு காலந்தள்ளுகிறாள். இலை பச்சையாயிருக்கிறது, வேரைப் பார்த்தவர் யார்?

பிறகு ஒரு நாள் மகன் விடுமுறையில் வருகிறான். பத்து நாளும் வெள்ளந்தான். அலமாரி நிறையச் சாமான்கள், நான்கு விதப் பரிசோதனைகள், வேண்டாமென்றாலும் புதிதாய் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, ‘இனிமேல் நீங்கள் அடுப்படிக்கே போகக் கூடாது’ என்ற கட்டளை. பதினோராம் நாள் வீடு மறுபடியும் அமைதியாகிவிடும். அவன் அன்பில் சந்தேகமில்லை. ஆனால் அவள் தேவை வேறாயிருக்கலாம்: இரண்டாங்கட்டு நடையில் எரியாமல் போன விளக்கை மாற்றுவது, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு நடக்கக் கை கொடுப்பது, மாலையில் கால் மணி நேரம் அவள் பேச்சைக் கேட்பது.

இன்னும் சிலரை எண்ணிப் பார்ப்போம். மூன்று பிள்ளைகளில் அடம் பிடிக்கிறவனுக்கு எல்லாம் கிடைக்கிறது. அமைதியான பிள்ளை கிழிந்த புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போகிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்களில் கேட்கிறவளுக்குக் கூலி ஏறுகிறது. கேளாதவளுக்கு ஐந்து வருடமாய் அதே கூலி. ‘அவள் ஒன்றும் சொல்லவில்லையே’ என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். அவள் சொல்லாதது அவளுடைய பொறுமை. அந்தப் பொறுமையை நமக்கு இலாபமாக எடுத்துக்கொள்வது அநீதி. கேட்டால்தான் நீதி கிடைக்கும் என்றாகிவிட்டால், வாயுள்ளவர்களுக்கு மட்டுமே நீதி என்றாகும்.

மனிதனும் செடியும் ஒன்றல்லர் என்பதையும் மறவாதிருப்போம். செடியிடம் கேட்க முடியாது. விரல்தான் வைக்க வேண்டும். மனிதரிடம் கேட்கலாம். ஆனால் ஒரு முறை கேட்டால் போதாது. “எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன்” என்பது முதற்பதில். அதைக் கேட்டவுடன் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பவருக்கே இரண்டாவது பதில் கிடைக்கும்.

நாம் செய்யத் தக்கவை

செடியைப் பற்றி: தொட்டியின் அடியில் துளை இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அன்று கட்டாயம் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் மட்டும் நீர் விடுங்கள். மழைக் காலத்தில் இன்னும் குறையுங்கள். இலையில் படிந்த தூசியை ஈரத் துணியால் துடையுங்கள். தூசி வெளிச்சத்தை மறைக்கும். இருட்டு மூலையில் இருப்பதை ஜன்னலோரம் நகர்த்துங்கள். குடிநீருக்குக் குடம் வரிசையில் நிற்கும் நாட்களில், அரிசி களைந்த நீரே இச்செடிகளுக்குப் போதும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும், கொடி வளரும் பாட்டிலிலும் நீர் தேங்கினால், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகும். ஆகவே வாரந்தோறும் அந்த நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். இது அயலாருக்கும் செய்யும் கடமை. மணி பிளாண்டின் இலை வாயை அரிக்கும். குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள்.

மனிதரைப் பற்றி: உங்கள் வீட்டிலும் தெருவிலும் ஒன்றும் கேளாதவர் ஒருவர் பெயரை இன்றே நினைத்துக்கொள்ளுங்கள். செடிக்குக் குறித்த அதே நாளில் அவரிடம் போய்ச் சற்று உட்காருங்கள். என்ன கொண்டு போவது என்று கவலைப்பட வேண்டாம். முதலில் போய்ப் பார்த்தால், கொண்டு போக வேண்டியது எது என்று அடுத்த வாரம் தெரிந்துவிடும்.